பக்கத்தில் கிடப்பதும் பக்கத்தில் வைப்பதும்



ஆங்கில மொழியைப் பற்றி இன்று மாலை பேசவேண்டும் என்று நீங்கள் பணித்தபோது, அம்மொழியின் பெருங்கவிகளைப் பற்றியோ பாராளுமன்றத்து நாவலர்களைப் பற்றியோ நான் பேசுவேன் என்று உங்களிற் பலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டதோ மிகச் சிறிய சொற்கள் சிலவற்றை. ஒரு பொருளுக்குப் பக்கத்தில் இன்னொரு பொருள் கிடப்பதையும், ஒன்றன் பக்கத்தில் மற்றொன்றை நாம் கொண்டுபோய் வைப்பதையும் ஆங்கிலேயர் எவ்வாறு சொல்லுகிறார்கள் என்பதே என் விஷயம். பாராளுமன்ற நாவலரான பர்க்கின் பிரசங்கங்களைப் படித்து அர்த்தம் சொல்லக்கூடிய பட்டதாரிகள்கூட, சின்னஞ்சிறு வினை ஒன்றும் அதனினும் சிறிய இடைச்சொல் ஒன்றும் சேர்ந்து வரும் இடத்தில் தடுமாறி நிற்பதை முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் பார்த்துவந்தவன் நான். அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் அவர்களுடைய அறிவின் குறைவு அன்று. நாம் கற்பித்த வழியின் குறைவே என்பது என் உறுதியான அபிப்பிராயம். ‘லே பை’ என்றால் சேமித்தல், ‘லே அசைட்’ என்றால் விலக்குதல், ‘லே அவுட்’ என்றால் செலவிடுதல் அல்லது திட்டமிடுதல் என்று ஒரு பட்டியலை எழுதிக்கொடுத்து, பரீட்சைக்கு முந்தின இரவில் மனப்பாடம் செய்யச் சொல்லுகிறோம். பட்டியலில் அர்த்தம் இருக்கிறது. அந்த அர்த்தம் பிறந்த சித்திரம் இல்லை. சித்திரத்தைக் காணாத மாணாக்கனுக்கு ‘பை’ என்பதும் ‘அசைட்’ என்பதும் காரணமின்றி ஒட்டவைத்த இரண்டு சீட்டுகளாகவே தோன்றும். பரீட்சை முடிந்த மறுநாளே எந்தச் சீட்டு எதன்மேல் ஒட்டியிருந்தது என்பது அவனுக்கு மறந்துபோகும்.

முதலில் வினைகளைப் பார்ப்போம். ‘லை’ என்றால் கிடத்தல். ‘லே’ என்றால் கிடத்துதல். இந்த இரண்டுக்கும் உள்ள உறவைத் தமிழ் மாணாக்கனுக்கு விளக்குவதைக் காட்டிலும் சுலபமான காரியம் வேறொன்று இல்லை. ஏனெனில் கிட, கிடத்து என்றும், இரு, இருத்து என்றும், படு, படுத்து என்றும் தன்வினையையும் பிறவினையையும் அவன் தாயின் மடியிலேயே கற்றுக்கொண்டுவிட்டான். ஆங்கிலேயரின் முன்னோர் பேசிய பழைய ஆங்கிலத்தில் ‘லிட்ஜன்’ என்பது கிடத்தல், ‘லெட்ஜன்’ என்பது கிடத்துதல். ‘சிட்’ என்றால் உட்காருதல், ‘செட்’ என்றால் உட்கார வைத்தல். ‘ஃபால்’ என்றால் விழுதல், மரம் வெட்டுவோர் சொல்லும் ‘ஃபெல்’ என்றால் வீழ்த்துதல். ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ என்ற ஜோடியும் இவ்வகையைச் சேர்ந்ததே. வேர்ச்சொல்லின் உயிரெழுத்தை மாற்றி, ஒரு விகுதியையும் சேர்த்துப் பிறவினை செய்யும் இந்த முறை ஜெர்மானிய மொழிகள் தாமாகக் கண்டுபிடித்ததும் அன்று. வடமொழியில் ‘பததி’ என்றால் விழுகிறான், ‘பாதயதி’ என்றால் விழச்செய்கிறான் என்று வரும் பிரயோகத்துக்கும் அதற்கும் மூலம் ஒன்றே. நம் மொழி வேறு குலத்தைச் சேர்ந்தது. ஆயினும், ஒரு பொருள் தானே கிடப்பதும் அதை ஒருவன் கிடத்துவதும் வேறு வேறு என்ற பேதத்தை வினையின் உடம்பிலேயே பொறித்துவைக்கவேண்டும் என்று இரு குலத்து மக்களும் கருதியிருக்கிறார்கள். அந்த ஒற்றுமையே ஆசிரியனுக்குக் கிடைத்த பெரிய வசதி.

அப்படியானால் சங்கடம் எங்கே வந்தது? ‘லை’ என்ற தன்வினையின் இறந்தகாலம் ‘லே’ என்று ஆவதில் வந்தது. புத்தகம் மேஜைமேல் கிடந்தது என்பதற்கும், புத்தகத்தை மேஜைமேல் கிடத்து என்பதற்கும் ஒரே ஓசை அமைந்துவிட்டது. பிறவினையின் இறந்தகாலமோ ‘லெய்ட்’. தமிழில் கிடந்தான், கிடத்தினான் என்று எந்தக் காலத்திலும் வேறுபாடு குலையாமல் நிற்பதைப் பார்க்கும்போது, ஆங்கிலம் இவ்விடத்தில் தன் வேலியைத் தானே பிரித்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலேயரே இதில் இன்றளவும் வழுவுகிறார்கள். கவி பைரன் 1818-ல் வெளியிட்ட ‘சைல்ட் ஹெரால்ட்’ காவியத்தின் நான்காம் காண்டத்தில், கடலை விளித்துப் பாடும் புகழ்பெற்ற பகுதியில், ‘லை’ வரவேண்டிய இடத்தில் ‘லே’ என்று எழுதியிருப்பதை இலக்கண ஆசிரியர்கள் நூறாண்டுக்கு மேலாக எடுத்துக்காட்டி வருகிறார்கள். நம் பிள்ளைகள் இவ்விடத்தில் தவறும்போது மைக்கோட்டைச் சற்று மெதுவாக இழுக்கலாம் என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறேன். பொய் சொல்லுதலைக் குறிக்கும் ‘லை’ இதே ஓசையுடையதாயினும் வேறு வேரிலிருந்து வந்தது. அதை இங்கே கலக்க வேண்டியதில்லை.

இனி இடைச்சொற்களுக்கு வருவோம். ஆங்கில வினை ஒன்றன்பின் சிறு சொல் ஒன்று வந்து நின்று அதன் பொருளையே மாற்றிவிடும் இந்த வழக்கம் அந்நியர்களுக்கு மிகுந்த துன்பம் தருவது என்பதை, டாக்டர் ஜான்சன் 1755-ல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டு, அத்தகைய சேர்க்கைகளைக் கவனத்தோடு திரட்டியிருப்பதாகவும் கூறியிருக்கிறார். தாய்மொழியாளர் ஒருவர் அந்நியனுடைய கஷ்டத்தை இவ்வளவு அனுதாபத்தோடு எண்ணிப் பார்த்திருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது. இந்தச் சேர்க்கைக்கு இன்று வழங்கும் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரை, லோகன் பியர்சால் ஸ்மித் என்பார் 1925-ல் வெளியிட்ட ‘சொற்களும் மரபுத்தொடர்களும்’ என்ற பொருளுடைய தலைப்புக் கொண்ட நூலில் எடுத்தாண்டார். அப்பெயரைத் தமக்குச் சொல்லியவர் ஹென்றி பிராட்லி என்று அவரே நன்றியுடன் குறிக்கிறார். பிராட்லி யார் என்றால், 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928-ல் நிறைவுபெற்ற ஆக்ஸ்போர்டுப் பேரகராதியின் ஆசிரியர்களுள் ஒருவர். ‘லை’, ‘லே’ என்பன அடங்கிய எழுத்தின் பகுதியையும், ‘செட்’ அடங்கிய பகுதியையும் பதிப்பித்தவர் அவரே. அந்த முதற்பதிப்பிலேயே மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற அந்தச் சிறு சொல்லுக்குத்தான் அமைந்தது. கிடத்தலையும் வைத்தலையும் குறிக்கும் சொற்களின் ஆயிரக்கணக்கான பிரயோகங்களைச் சீட்டுச் சீட்டாகப் பிரித்து அடுக்கிய ஒருவரிடமிருந்தே இந்த இலக்கணப் பெயரும் பிறந்தது என்பதைப் பொருத்தமான ஒரு செய்தியாக நான் கருதுகிறேன்.

நம்மவர்களுக்கு ஆங்கிலத்தில் முதலில் வசப்படுவன லத்தீன் வழிவந்த நீண்ட சொற்களே. ‘அட்ஜசென்ட்’ என்று எழுதத் தயங்காத மாணாக்கன் ‘லை பை’ என்று எழுத அஞ்சுகிறான். ‘அட்ஜசென்ட்’ என்பதைப் பிரித்துப் பார்த்தால், ‘அட்’ என்பது அருகு, மிகுதி லத்தீனில் கிடத்தலைக் குறிக்கும் வினை. ‘ஜக்ஸ்டபொசிஷன்’ என்பதில் முற்பாதி பக்கம், பிற்பாதி வைத்தல். ‘போஸ்ட்போன்’ என்பது பின்னே வைத்தல். வீட்டு ஆங்கிலம் அதையே ‘புட் ஆஃப்’ என்கிறது. ‘டெபாசிட்’ என்பது கீழே வைத்தல். அது ‘லே டவுன்’. ‘அப்போஸ்’ என்பது எதிரே வைத்தல். அது ‘செட் அகெய்ன்ஸ்ட்’. லத்தீன் இடத்தைக் குறிக்கும் உறுப்பை வினைக்கு முன்னே ஒட்டுகிறது. ஆங்கிலம் வினைக்குப் பின்னே தனியாக நிறுத்துகிறது. பழைய ஆங்கிலமும் ஒரு காலத்தில் முன்னேதான் ஒட்டிற்று. அந்த வழக்கத்தின் எச்சங்களே ‘அண்டர்லை’, ‘ஓவர்லே’ முதலான சொற்கள். காலப்போக்கில் ஒட்டுகள் கழன்று, பின்னே வந்து நின்று, தனித்து ஒலிக்கத் தொடங்கின. ஆகவே, நீண்ட சொல்லை அறிந்த மாணாக்கன் குறுஞ்சொல்லின் சித்திரத்தையும் முன்பே அறிந்தவன்தான்; அது லத்தீன் உடுப்பில் வந்தமையால் அவன் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

தமிழோ இந்தச் சித்திரத்தை வேறொரு திசையிலிருந்து தீட்டுகிறது. எடுத்து வை, அடுக்கி வை, பரப்பி வை, சேர்த்து வை, தள்ளி வை என்று நம் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லுகிறோம்! இவற்றிலெல்லாம் ‘வை’ என்ற பொதுவினை இறுதியில் நிற்க, அதற்கு முன்னே ஒரு வினையெச்சம் வந்து விசேஷத்தைக் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் ‘லே’, ‘செட்’, ‘புட்’ என்ற பொதுவினை முன்னே நிற்க, விசேஷம் பின்னே வருகிறது. கண்ணாடியில் தெரியும் உருவம்போல இடவலம் மாறியிருக்கிறது என்று இதைச் சொல்லி நிறுத்திவிடலாம்; ஆனால் அதனினும் ஆழமான ஒரு பேதம் இங்கே உண்டு, அதை உணர்த்துவதற்காகவே இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொண்டேன் என்றால் மிகையாகாது. ‘அடுக்கி வை’ என்று தமிழ் சொல்லும்போது, வைப்பதற்கு முன் கை என்ன செய்தது என்பதைச் சொல்லுகிறது. ‘லே அவுட்’ என்று ஆங்கிலம் சொல்லும்போது, கை என்ன செய்தது என்பதை விட்டுவிட்டு, பொருள் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லுகிறது. நமக்குச் செயலின் வரிசை முக்கியம். அவர்களுக்குப் பொருளின் இருப்பிடம் முக்கியம். இது தெரிந்துவிட்டால், ஆங்கிலத் தொடரைக் கேட்டவுடன் ‘இங்கே என்ன செயல்?’ என்று கேட்கும் நம் மனத்தின் பழக்கத்தை மாற்றி, ‘பொருள் இப்போது எங்கே இருக்கிறது?’ என்று கேட்கப் பழக்கலாம். பெரும்பாலான இடங்களில் விடை தானே வந்து நிற்கும்.

‘பை’ என்பதையும் ‘அசைட்’ என்பதையும் இந்தக் கேள்வியால் சோதித்துப் பார்ப்போம். ‘பை’ என்றால் அருகில். ‘லே பை’ என்றால் தன் அருகில் வைத்துக்கொள்ளுதல். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நாளைக்கு உதவும், ஆகவே சேமித்தல். ‘பிசைட்’ என்ற சொல்லின் முதலெழுத்தாக நிற்பதும் இந்த ‘பை’ என்பதன் திரிபே. பக்கத்தின் அருகில் என்பது அதன் பொருள். ‘அசைட்’ என்பதிலோ முதலில் நிற்பது ‘ஆன்’ என்பதன் தேய்வு; ஒரு பக்கமாக, ஓரமாக என்பது அதன் பொருள். ஆக, ‘சைட்’ என்ற ஒரே விலாப்புறம் இரண்டு சொற்களிலும் இருக்கிறது. ஒன்று அந்த விலாவை நோக்கிப் பொருளை இழுக்கிறது, மற்றொன்று வழியின் நடுவிலிருந்து ஓரத்துக்கு அகற்றுகிறது. விளக்கை அருகில் வைப்பதற்கும், வழியில் கிடந்த கல்லை ஓரமாக வைப்பதற்கும் உள்ள தூரம் இது.

ஓரமாக வைத்த பொருளின் கதி என்ன என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் நான் ஒரு முறை பெரிதாகத் தவறினேன். கல்லூரியை விட்டு வந்த புதிதில், எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், நிலவழக்கில் மேல்கோர்ட்டு அளித்த தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கீழ்க்கோர்ட்டில் அவர் தோற்றவர். “தம்பி, இதிலே என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு” என்று திண்ணையில் உட்கார்ந்தார். கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு ‘செட் அசைட்’ செய்யப்பட்டது என்று அதில் கண்டிருந்தது. அகராதியில் படித்திருந்த அர்த்தத்தைக் கொண்டு, “அந்தத் தீர்ப்பை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், ஐயா” என்று சொன்னேன். “அப்போ அது பத்திரமா இருக்குதா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். எட்டு நாள் கழித்து வக்கீல் குமாஸ்தா ஊருக்கு வந்தபோதுதான், கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு ரத்தாகிவிட்டது, நிலம் அவருக்கே என்பது தெரிந்தது. அந்த எட்டு நாளும் அவர் வீட்டில் எவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று பின்னர்க் கேள்விப்பட்டேன். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை; அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

என் பிழை ஆங்கிலத்தில் மட்டும் இல்லை, தமிழிலும் இருந்தது என்பதைப் பின்னாளில் உணர்ந்தேன். ‘செட் அசைட்’ என்பது ஒரு தொகையைக் குறித்து வரும்போது அதற்கென்று தனியே வைத்தலையும், ஒரு தீர்ப்பைக் குறித்து வரும்போது அதைச் செல்லாததாக்குதலையும் உணர்த்தும். நம் ‘ஒதுக்கு’ என்ற சொல்லைப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கென்று பணம் ஒதுக்குகிறோம், அது கௌரவம். ஒரு குடும்பத்தை ஊர் ஒதுக்கி வைக்கிறது, அது தண்டனை. ‘தள்ளி வைத்தல்’ என்பதும் அவ்வாறே: கல்யாணத்தைத் தள்ளி வைக்கிறோம், கட்டிய மனைவியைத் தள்ளி வைத்தவனையும் அறிவோம். ஆங்கில விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பிலும் மனைவியை விலக்குதற்கு ‘புட் அவே’ என்பதே வாசகம். ஓரத்துக்குப் போன பொருள் அருமையானதாகையால் போயிற்றா, வேண்டாததாகையால் போயிற்றா என்பதை ஓரம் சொல்லாது. போன பொருள்தான் சொல்லவேண்டும். தமிழிலேயே இருந்த இந்த இரட்டைப் பொருளை நான் கவனித்திருந்தேனாகில், அந்தப் பெரியவரிடம் இன்னும் ஒரு வாக்கியம் விளக்கமாகச் சொல்லியிருப்பேன்.

‘செட் அகெய்ன்ஸ்ட்’ என்பதைப் பற்றியும் சில வார்த்தைகள். இரண்டு கணக்குகளை எதிரெதிரே வைத்து ஒன்றன் நஷ்டத்தை மற்றொன்றன் லாபத்தால் கழித்தலும், அண்ணன் தம்பியரை ஒருவர்க்கொருவர் எதிரிகளாக்குதலும் இந்த ஒரே தொடரால் சொல்லப்படும். ஒப்பு நோக்குதலையும் பகையையும் ஒரே இடைச்சொல் தாங்குவது முதலில் வியப்பாக இருக்கும். ஆனால் இரண்டு பொருள்களை முகத்துக்கு முகம் நிறுத்தினால் அவற்றின் வேற்றுமையே முதலில் கண்ணில் படும் அல்லவா? ‘சைட் பை சைட்’ வைக்கும்போது அவ்வாறு இல்லை. இரண்டும் ஒரே திசையை நோக்குகின்றன, பார்ப்பவன் எதிரே நிற்கிறான், ஒற்றுமையும் வேற்றுமையும் அவனுக்குச் சமமாகப் புலப்படும். தமிழர் ஒப்பிடுவதற்குத் தராசைக் கையில் எடுத்தார்கள். சீர்தூக்குதல் என்ற அழகிய சொல் அங்கே பிறந்தது. நாம் தூக்கிப் பார்க்கிறோம், அவர்கள் வைத்துப் பார்க்கிறார்கள்.

இந்தச் சேர்க்கைகளின் வலிமையை அறிந்த ஆக்டன் என்ற அறிஞர், 1930-ல் 850 சொற்களைக் கொண்டே ஆங்கிலம் முழுவதையும் பேசிவிடலாம் என்று ‘பேசிக் இங்கிலீஷ்’ என்ற திட்டத்தை வகுத்தபோது, வினைகளைப் பதினெட்டாகக் குறைத்துக்கொண்டார். ‘லை’, ‘லே’, ‘செட்’ மூன்றையும் நீக்கி, ‘புட்’ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இடத்தைக் குறிக்கும் சிறு சொற்களை அதனோடு கூட்டினார். வினை வறுமைப்பட்டாலும் இடைச்சொல் இருக்கும்வரை பேச்சு நடக்கும் என்பதே அவர் கண்ட உண்மை. இடைச்சொற்கள் தாமாக இயங்கும் இயல்பில்லாதவை என்று தொல்காப்பியர் நமக்குக் கற்பித்திருக்கிறார். ஆங்கிலத்தின் இந்தச் சிறு சொற்களோ, வினைக்குப் பின்னே நின்றபடி வினையையே இயக்குகின்றன. ஓசையிலும் அழுத்தம் பெரும்பாலும் அவற்றின்மேலேயே விழும். நம் மாணாக்கர் வினையை ஓங்கிச் சொல்லி இடைச்சொல்லை விழுங்கிவிடுவதால், கேட்கும் ஆங்கிலேயனுக்குச் செய்தியின் முக்கியமான பாதி போய்ச் சேருவதில்லை. ‘லே அவுட்’ என்பதே பெயர்ச்சொல்லாகி, தோட்டத்தின் அமைப்பையோ நகரத்தின் அமைப்பையோ குறிக்கும்போது அழுத்தம் முன்னே போய்விடும்.

நிறைவாக, இச்சொற்கள் புத்தகத்தைவிடக் கடலில்தான் நன்றாக விளங்கும் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். ‘அலாங்சைட்’ என்பது கப்பற்காரர் வாய்மொழி. கப்பல் ஒன்று துறைமேடையை ஒட்டி நின்றால் அது ‘லை அலாங்சைட்’. கரையை விட்டு விலகிக் கடலில் நங்கூரமிட்டு நின்றால் அது ‘லை ஆஃப்’. கப்பலுக்கும் கிடத்தல் என்ற வினையே. சென்னைப்பட்டினத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும்வரை எந்தக் கப்பலும் கரையை ஒட்டி நின்றதில்லை. எல்லாக் கப்பல்களும் அலைக்கு அப்பால் விலகியே கிடந்தன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் பிரயாணிகளையும் மூட்டைகளையும் அந்த முரட்டலையின்மேல் ஏற்றிச் சென்றன. அக்காலத்துச் சென்னைத் துறையை எண்ணிப் பார்க்கும் மாணாக்கனுக்கு ‘ஆஃப்’ என்பதற்கும் ‘அலாங்சைட்’ என்பதற்கும் வேறு அர்த்தம் எழுதிக்கொடுக்க வேண்டுவதில்லை.

அந்தக் கரையிலிருந்து ஒரு சொல்லும் ஆங்கிலத்துக்குப் போயிற்று. 1697-ல் தம் கடற்பிரயாண நூலை வெளியிட்ட டாம்பியர் என்ற மாலுமி, சோழமண்டலக் கரையில் தாம் கண்ட கட்டுமரத்தை அதன் தமிழ்ப்பெயராலேயே குறித்தார். மரங்களைப் பக்கம் பக்கமாக இட்டுக் கயிற்றால் பிணைப்பது அது; தமிழ் தன் வழக்கப்படி கை செய்த செயலை, கட்டியதை, பெயரில் வைத்தது. இன்று ஆங்கிலத்தில் அச்சொல், கட்டு என்பதை மறந்து, இரண்டு கூடுகள் இணையாக ஓடும் வேறொரு படகைக் குறிக்கிறது. பக்கம் பக்கமாக இருத்தல் என்ற இருப்பிடம் மட்டுமே அதில் எஞ்சியிருக்கிறது. கட்டுமரத்தில் செல்லும் நம் பரதவரோ கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து, நீர் குடித்த மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போடுகிறார்கள். அவர்கள் செய்வது ‘லே’. அவர்கள் வீடு திரும்பியபின் அந்த மரங்கள் வெயிலில் செய்வது ‘லை’.